பெண்களுக்கு மட்டும்

"மிஸ், யன்னலடியில ஆரோ ஒரு ஆம்பிளை!"

பின்வரிசையில் இருந்த டினோஜா போட்ட சத்தத்தில், மிட்வைஃப் சுவேதினியின் கையிலிருந்த ரப்பர் மார்பு நழுவிக் கதிரைக்குக் கீழே உருண்டோடியது.

தோட்டவெளி ஊர்த் தேவாலய மண்டபத்தில் வகுப்பு. மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பெண்கள் தாங்களே தடவிப் பார்த்துப் பழகத்தான் அந்த ரப்பர் மார்பு. வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது.

நாலு பேர் ஓடிப்போய் ஆளைச் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்து வந்தார்கள்.

பார்த்தால், யாகப்பு! மாதர் சங்கத் தலைவி பிரான்சிஸ்காவின் புருசன்.

"என்னண்ணை, நீங்களும் பழகப் போறியளோ?"

ஒருத்தி கேட்க, மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

மைக்கோடு நின்ற பிரான்சிஸ்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நரை விழுந்த வயசில உங்களுக்கு இஞ்ச என்ன வேலை? போய்க் கிழிஞ்ச வலையைப் பொத்துங்கோ! என்ர மானத்தை வாங்காதேங்கோ!"

யாகப்பு கசங்கிய கொலரை நீவிவிட்டுக்கொண்டார்.

சுவேதினிக்கும் கோபம்தான். அவரை வெளியே கூட்டிப்போனாள்.

"வெட்கமாயில்லையோ ஐயா? ஒளிச்சு நிண்டு பாக்கிறியள்?"

"பாக்கேல்லை மிஸ். கேட்டனான்." அவர் தயங்கினார். "கட்டி தட்டுப்பட்டால், நோகாட்டியும் காட்டவேணும் எண்டு சொன்னீங்கள். அதுக்குப் பிறகு சொன்னது காத்துக்குச் சரியாக் கேக்கேல்லை."

சுவேதினியின் குரல் தணிந்தது.

"எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை ஐயா. ஆனா சுணங்காமக் காட்டவேணும். வேளைக்குக் கண்டுபிடிச்சால் சுகப்படுத்திறது லேசு. ஆருக்குக் கட்டி?"



உள்ளே பிரான்சிஸ்கா விட்ட இடத்திலிருந்து முழங்கத் தொடங்கியிருந்தாள்.

"வெட்கத்தில ஒளிச்சு வைக்காதேங்கோ சகோதரியளே! கட்டியை வைச்சுக்கொண்டு டொக்டரிட்டப் போகாம இருக்கிறவளைப் போல ஒரு விசரி உலகத்திலயே இல்லை!"

மண்டபத்தில் ஒரே கைதட்டல்.

யாகப்பு மெதுவாக மைக் சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினார்.

"இதைத்தான் மிஸ், நானும் தவக்காலம் தொடங்கி வீட்டில அவவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்."