கூட வந்தவர்

“இன்சூரன்ஸ் பிரீமியத்தைத் திருப்பித் தர்றீங்க, சரி. அதையும் கடனோட சேர்த்து எங்கிட்ட வட்டி கறந்தீங்களே, அது எங்க?”

கடன் கம்பெனி மேனேஜரிடம் மனைவி பொரிந்து தள்ள, பக்கத்து நாற்காலியில் கணவருக்கு ஏசியிலும் வியர்த்து ஊற்றியது. அவள் முழங்கையைச் சுரண்டினார்.

“போதும்மா. குடுக்கிறதை வாங்கிட்டுக் கிளம்பலாம்.”

“நீங்க சும்மா இருங்க. நான் சொல்லும்போது பேசினாப் போதும்.”

மேனேஜர் சிரித்தார். “இன்சூரன்ஸ் வேணும்னு கையெழுத்துப் போட்டது நீங்க. ஏதோ பெரிய மனசு பண்ணி பிரீமியத்தைத் தர்றோம். வட்டியெல்லாம் கணக்குல வராது.”

“அதை எடுத்தாத்தான் கடன் கிடைக்கும்னு உங்க ஆளு சொல்லித்தானே போட்டேன்! தையல் கடை வைக்கிற அவசரம் எனக்கு.”

“அப்படிச் சொன்னதுக்கு என்ன சாட்சி? அந்த ஆளு வேலையை விட்டுப் போயே பல வருஷமாச்சு. அவரை நான் எங்க போய்த் தேடுவேன்?”

கணவர் வாசலைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

“நீங்க தேட வேணாம் சார். அவரே என்னைத் தேடி வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டாரு” என்றவள், கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, இப்பப் பேசுங்க. அன்னைக்கு எங்கிட்ட அளந்த கதையை அப்படியே இவர்கிட்டயும் சொல்லுங்க.”