பக்கத்து வாங்கு

"அவட தலையப் பாரு கா. தூக்கணாங்குருவி கூடு கட்டின மாதிரி."

பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த மட்டக்களப்புக்காரிகள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அந்தத் தலைக்குரியவள் சிரிக்கவில்லை. காது மட்டும் அவர்கள் பக்கம் இருந்தது.

வளைகுடா நகரமொன்றின் தேவாலய முற்றம். வெள்ளிக்கிழமை. வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு வாரத்தில் கிடைக்கிற நாலு மணி நேரம்.

ஆளைப் பார்த்ததும் ஆபிரிக்கா என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பிறந்து வளர்ந்த திருகோணமலையிலேயே பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இங்கிலீஷில்தான் எங்கே போகிறாய் என்று கேட்பான். நானூறு வருஷத்துக்கு முன்னால் போர்த்துக்கேயர் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து இறக்கிய யாரோ ஒருவனின் தலைமுடி, தலைமுறை தலைமுறையாக வந்து இவள் தலையில் நிற்கிறது. வாயில் இருப்பது தமிழ் ஒன்றுதான்.

அந்தத் தமிழில் யாரும் அவளோடு பேசி ஐந்து மாதம்.

ஆபிரிக்கப் பெண்கள் வந்து தங்கள் பாஷையில் ஏதோ கேட்பார்கள். அவள் விழிப்பாள். பெரிய கொம்பு முளைத்தவள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தப் பக்கம் ஒரு "அக்கா" போட்டால் போதும். ஆனால் வாயைத் திறந்தால் இவர்கள் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார்களே. பிறகு யாருடைய தமிழைக் கேட்பது?

போன வெள்ளியும் இதே வாங்குதான். அதற்கு முந்திய வெள்ளியும்.

"அந்தத் தலைக்கு ஒரு போத்தல் எண்ண முழுசா வேணும் கா."

அது உண்மை. அம்மா அப்படித்தான் ஊற்றுவாள்.

அம்மா போன பிறகு இந்த முடியைப் பின்னத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சூப்பில் முடி கிடந்தது என்று மேடம் நேற்றுக் கத்தரிக்கோலைக் காட்டிவிட்டாள். ஒழுங்காகப் பின்னிக்கொண்டு வா, இல்லாவிட்டால் நாளைப் பின்னேரம் ஒட்ட வெட்டிவிடுவேன். இன்று காலையில் இவள் தானே பின்னிப் பார்த்தாள். பிடரிக்குக் கை போகவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

முதுகுப் பக்கம் யாரோ வந்து நின்றார்கள்.

ஒவ்வொரு வெள்ளியும் மரத்தடியில் மற்றவர்களுக்குத் தலை பின்னிவிடுகிற கென்யாக்காரி. இவள் முடியைப் பார்த்து நாக்கால் 'சூள்' கொட்டினாள். வாங்கில் அமர்ந்து, தோளைப் பிடித்து அழுத்தி, அவளைத் தன் முழங்கால்களுக்கிடையில் நிலத்தில் இருத்தினாள்.

சீப்பால் உச்சியில் இரண்டு தட்டு.

அவள் குனிந்தாள். குனிந்த பிறகுதான் யோசித்தாள், இது எனக்கு எப்படித் தெரியும்?

அம்மாவும் இரண்டு தட்டுத்தான் தட்டுவாள்.

வகிடு பிடரியிலிருந்து மேலே ஏறியது. அம்மா தொடங்குகிற இடம். விரல்கள் முடியை வேரோடு சேர்த்து இறுக்கின.

"நோகுதும்மா!"

வாயிலிருந்து தமிழ் வந்துவிட்டது.

பக்கத்து வாங்கில் சிரிப்பு நின்றது.

"மாதாவே! இவ தமிழ் கா."

குனிந்த தலைக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. செருப்பைத் தேடுகிற நாலு கால்கள். அவற்றில் இரண்டு கிட்ட வந்தன.

"தங்கச்சி, நாங்க உங்களச் சொல்லல்ல..."

வந்த கால்கள் திரும்பின.

அவள் நிமிரப் பார்த்தாள். கென்யாக்காரியின் கை தலையைப் பிடித்து மறுபடி குனிய வைத்தது.

"போகாதீங்க அக்கா," என்றாள் நிலத்தைப் பார்த்து. "கூடு கட்டின பிறகு அந்தக் குருவி என்ன செஞ்சிச்சு? மிச்சத்தையும் சொல்லுங்க."