வீடியோவில் வந்த யானைக் காசு

“யானை போட்ட வெள்ளிக் காசு ஒண்டு... வீடியோவில பார்த்தனான்” என்று அந்த அம்மா தொடங்கியதுதான் தாமதம், ஷரீப் நானாவுக்குக் கோபம் ஏறிவிட்டது.

“வீடியோவிலயா? அப்ப வீடியோக்காரனுட்டயே போங்க. முன்னுக்குத்தான் லொட்ஜ். மூணாம் மாடி.”

“இல்லை, நான் சொல்ல வாறது...”

“ஒண்டும் செல்லத் தேவல்ல. இது பழைய காசு விக்கிற கடை. படம் ஓட்டுற தியேட்டர் இல்ல.”

கனடாவிலிருந்து வந்திருந்த அருள்நாயகி கைப்பையை மூடிக்கொண்டு வெள்ளவத்தை வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளேயிருந்து வந்த ஜவாஹிறா, “வந்த யாவாரத்த ஏன் வெரட்டுறீங்க? அந்த யானைக் காசு வந்து...” என்று வாயெடுத்தாள். கணவர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள்.

இந்த மாதத்தில் ‘வீடியோ’ என்று சொல்லிக்கொண்டு வந்தது இது எத்தனையாவது ஆளோ. எல்லாம் அந்த முத்துலிங்கம் செய்கிற வேலை. அட்டனிலிருந்து வந்து, இதே கடை வாசலில் நின்று, காசின் விளிம்பைத் தடவிப் பார்க்கப் பழகியவன். இன்றைக்கு லொட்ஜ் அறையில் கறுப்புத் துணி விரித்து, காசைச் சுழலவிட்டு, வீடியோ எடுத்து, கசட்டை வெளிநாட்டுக்கு அனுப்புகிறான். லண்டனில் ஒருத்தன் வீட்டு டிவியில் பார்த்துவிட்டு விலை கதைக்கிறானாம்.

தெமட்டகொடையில் பழைய இரும்பு பொறுக்கி, அதற்குள் கிடந்த காசைக் கொண்டு தொழில் தொடங்கியவர் ஷரீப் நானா. பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்தே ஒரு கண் மங்கிவிட்டது.

“எனக்குத் தொழில் தெரியும். அவனுக்கு லைட்டுப் போடத் தெரியும். சனத்துக்கு லைட்டுத்தானே வேணும்” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“எங்க போனீங்க?”

“சந்தி வரைக்கும். அப்பிடி என்னத்தத்தான் காட்டுறான்டு ஒருக்கா பாத்துட்டு வாறன்.”

லொட்ஜ் அறையில் முத்துலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டான். “இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா நானா? சோடா கொண்டாரச் சொல்லவா?”

“சோடா வேணாம். படத்தப் போடு.”

டிவியில் காசு மெல்லச் சுழன்றது. வெளிச்சம் ராசாவின் கன்னத்தில் ஏறி மூக்கால் வழுக்கி இறங்கியது. தேய்ந்த எழுத்துகூட எழுந்து நின்றது. ஷரீப் நானா குறை தேடினார். கிடைக்கவில்லை. வயிறு எரிந்தது.

அடுத்தது யானை. வெளிச்சம் நகர, வெள்ளி யானையும் நடப்பது போலிருந்தது. கூடவே முத்துலிங்கத்தின் குரல்.

“இந்தக் காசு என்னுது இல்லீங்க. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த ஷரீப் நானாவோடது. லொட்ஜுக்கு முன்னாலதான் கடை. அவர்கிட்டயே போய் வாங்குங்க.”

ஷரீப் நானாவின் முகம் கறுத்தது.

“என்ட யானை ஒன்ட டிவிக்குள்ள எப்பிடிடா வந்திச்சு?”

“கோவிச்சுக்காதீங்க நானா. நீங்க ஜும்மாவுக்குப் போன நேரம் வீட்டுல ஜவாஹிறா ராத்தாகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். எடுத்துட்டு உடனே திருப்பிக் குடுத்துட்டேன். உங்களுக்குச் சொல்லாதது பிழைதான். ஆனா தேடி வாறவங்கள நீங்க ஏன் என்கிட்டயே திருப்பி அனுப்புறீங்க?”

ஷரீப் நானா எழுந்து போய் ஜன்னலால் வீதியை எட்டிப் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது.

“இந்தக் கெமராவ எனக்குத் தா. என்ன வில?”

“விக்கிறதுக்கு இல்ல நானா. அக்கா குவைத்துல வீட்டு வேல செஞ்சு அனுப்பினது.”

“இருபதாயிரம்.”

“நானா...”

“முப்பது. கசட்டும் சேத்து.”

முத்துலிங்கம் திகைத்தான். அஞ்சு ரூபாய்க்கு அரை நாள் மல்லுக்கு நிற்கிற மனுசன், கேட்காமலே விலையை ஏற்றுகிறார்.

“என் பொழப்பக் கெடுக்கணும்னுதானே வந்தீங்க?”

“ஓம்டா, பொறாமதான். எரியிது எனக்கு. நாப்பது. தாறியா, இல்லாட்டி இப்பவே ரூமக் காலி பண்ண வெக்கவா? லொட்ஜ் மொதலாளி என்ட மச்சான்.”

முத்துலிங்கம் கெமராவை நீட்டினான். கண் கலங்கியிருந்தது.

“எடுத்துட்டுப் போங்க. இனி உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

ஷரீப் நானா கெமராவையும் கசட்டுகளையும் பையில் திணித்துக்கொண்டு படிகளில் பாய்ந்து இறங்கினார். அவர் வீதியைக் கடந்து கடைக்குள் நுழையவும் லொட்ஜ் வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“கெமரா கோ?” என்று, கெமரா எங்கே என சார்ஜன்ட் சிங்களத்தில் அதட்டியது வீதி வரை கேட்டது. மேலே கட்டில் புரண்டது, அலுமாரி திறந்தது. கொழும்பில் குண்டு வெடிக்கிற காலம். தமிழ்ப் பெடியன் அறையில் வீடியோ கெமரா அகப்பட்டால், போனவன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது.

ஒன்றும் அகப்படவில்லை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிப் போனார்கள்.

ஜீப் மறைந்ததும் முத்துலிங்கம் ஓடி வந்தான். ஷரீப் நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“என் உசிரக் காப்பாத்திட்டீங்க நானா. நான்தான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன்.”

“நானும்தான்” என்றாள் ஜவாஹிறா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா பொலிஸ் வரப் போகுதுன்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

ஷரீப் நானா பையோடு கெமராவை எடுத்து முத்துலிங்கத்தின் கையில் வைத்தார். தலை நிமிரவில்லை.

“சந்தியில இருந்து போன் போட்டு வரச் சொன்னதே நான்தான்டா.”