மஞ்சள் புள்ளி

"இதை முறுக்கினவன் கையை ஒடைக்கணும்ணே!"

டீ கிளாஸோடு குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தான், டாக்ஸி ஓட்டும் ஜெய்சங்கர்.

எடமலைப்பட்டி புதூர் பட்டறையில் மல்லாந்து கிடந்தார் மெக்கானிக் அம்மாசி. தலைக்கு மேலே சகாயராணியின் ஸ்கூல் வேன். பின் அச்சின் நடுவில் இருக்கும் கிரவுன் பெட்டியில், ஆயில் ஊற்றும் துளையை அடைக்கிற போல்ட் பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஆயில் சொட்டியது.

"துளைக்குள்ள மரை சுத்தமா தேஞ்சு போச்சு. எவனோ கத்துக்குட்டி. பலத்துக்கு ஸ்பேனர்ல பைப்பை மாட்டித் தொங்கியிருக்கான். லாரின்னு நெனைச்சுட்டான் போல," என்றார் அம்மாசி.

"இவனுங்களையெல்லாம் பட்டறை வைக்க விடுறதே தப்பு!"

"யாரா இருந்தா என்ன தம்பி," என்றாள் சகாயராணி. "மூணே முக்காலுக்கு ஸ்ரீரங்கத்துல ஸ்கூல் கேட்டுக்கு முன்னாடி நிக்கணும். பதினாலு பிள்ளைங்க. இப்படியே ஓட்டினா என்னண்ணே ஆகும்?"

"ஆயில் வத்தினா பாலத்து மேலயே சக்கரம் இறுகிக்கும்."

மணி இரண்டு.

"ஏங்க்கா, ஸ்ரீரங்கத்துல மெக்கானிக்கே இல்லையா? ஆத்தைத் தாண்டி வந்திருக்கீங்க?"

"காலையில நானே அடியில படுத்துப் பாத்தேன். பாத்ததும், அண்ணன்கிட்டதான் போகணும்னு தோணிச்சு."

அம்மாசி போல்ட்டைக் கழற்றித் திருப்பினார். கை நின்றுவிட்டது.

போல்ட்டின் தலையில் ஒரு மஞ்சள் புள்ளி. சுற்றிலும் கன்னங்கரேலென்று அழுக்கு. புள்ளி மட்டும் பளிச்சென்று.

எதை முறுக்கினாலும் கடைசியில் பெயின்டால் ஒரு மஞ்சள் புள்ளி வைப்பது அம்மாசியின் பழக்கம். 'அம்மாசி புள்ளி இருந்தா அப்புறம் குனிஞ்சே பாக்க வேணாம்' என்பார்கள் டிரைவர்கள்.

ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம், ஜீயபுரம் தங்கையனின் வெள்ளை வேன். அவர் விற்று, ஸ்கூல் வேனாகி, இப்போது இவளிடம். இருபது வருஷம் லாரி ரிப்பேரில் பழகின தன் கை. அன்றைக்கும் பைப்பை மாட்டித்தான்...

"என்னண்ணே, போல்ட்டுல என்ன பாக்குறீங்க?" என்று குனிந்தான் ஜெய்சங்கர்.

"வெளிச்சத்தை மறைக்காதே. தள்ளி நில்லு."

சொல்லிவிடலாமா? இவன் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிடும். முப்பது வருஷப் பேர்.

போல்ட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆயிலை வடித்துவிட்டு, துளையில் ஒரு சைஸ் பெரிய மரை வெட்ட, டேப் என்கிற முறுக்குக் கருவியை எடுத்தார். இரும்புப் பிசிறு உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள அதில் கிரீஸ் பூசினார். ஒரு துணுக்கு விழுந்தாலும் பல்சக்கரம் போச்சு. டேப் உடைந்தால் பெட்டியையே இறக்க வேண்டும். பிள்ளைகள் தெருவில் நிற்கும்.

அரைச் சுற்று முன்னே. கால் சுற்று பின்னே. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

பாதியில் டேப் இறுகிக்கொண்டது.

"உடைஞ்சிருச்சாண்ணே?" சகாயராணி மண்டி போட்டுக் குனிந்தாள்.

அம்மாசி டேப்பைப் பின்னுக்குத் திருப்பினார். மெல்ல... இன்னும் மெல்ல... விட்டுக்கொடுத்தது.

உள்ளே கழுவி, ஆயில் ஊற்றி, புது போல்ட்டை உட்கார வைத்தபோது மூன்று மணி. பைப்பைத் தொடவில்லை. வெறும் ஸ்பேனர். சொட்டுக்கூடக் கசியவில்லை.

"எவனோ பண்ணின பாவத்துக்கு நீங்க கஷ்டப்படுறீங்கண்ணே," என்றான் ஜெய்சங்கர்.

அம்மாசி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கூலியெல்லாம் வேணாம்மா. நேரமாச்சு, கிளம்பு."

சகாயராணி வேனைக் கிளப்பி நாலடி நகர்த்தினாள். சட்டென்று நிறுத்தி, ஜன்னல் வழியாக அவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். ஜெய்சங்கர் தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"புது போல்ட்டுல மஞ்சப் புள்ளி வைக்கலையேண்ணே?"

அம்மாசியின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது.

"பழசுல இருந்ததைக் காலையிலயே விரலால துடைச்சுப் பாத்துட்டுத்தாண்ணே உங்களைத் தேடி வந்தேன். வெச்சு விடுங்க... அது இருந்தாத்தான் எனக்குப் பிள்ளைங்களை ஏத்த தைரியம் வரும்."