ரெக்ஸின் கலன்

மண்ணெண்ணெய் வரிசையில் ஆட்களைவிட வெறும் பிளாஸ்டிக் கலன்களே அதிகம் நின்றன. இடம் பிடிக்கக் கலனை வைத்துவிட்டு, ஆண்கள் எல்லோரும் எதிர்த் தேநீர்க் கடையில் இறுதிப் போட்டி பார்க்கப் போயிருந்தார்கள். உதைபந்துத் தொலைக்காட்சிச் சனலின் கட்டணம் மறுபடி ஏறியபின் அந்தக் கடையில் மட்டும்தான் ஆட்டம் தெரிந்தது. உள்ளே போகவும் காசு. வரிசையில் நின்ற ஜெசிந்தாவிடம் இருந்தது எண்ணெய்க்கு மட்டும்.

“அக்கா, எங்கட கலனுகளையும் ஒருக்காத் தள்ளி விடுங்கோ,” அவளுக்கு முன்னால் கலன் வைத்திருந்த ரெக்ஸ் கடை வாசலிலிருந்து கத்தினான். “சும்மாதானே நிக்கிறியள். உங்களுக்கு மட்ச் விளங்கவா போகுது?”

உள்ளே சிரித்தார்கள். பள்ளிக்கூட உதைபந்து அணியில் அதிக கோல் போட்டவள் அவள். வீட்டில் சனலை நிறுத்தியபோது கணவனும் இதையேதான் கேட்டான். அன்றைக்கு அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

வரிசை நகர்ந்தது. குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனதும் கலன்களைக் காலால் தள்ளத் தொடங்கினாள். பந்தைத் தட்டும்போதுபோல் பாதத்தின் உட்பக்கம் தானாகவே முன்னால் திரும்பிக்கொண்டது. கடைக்குள் எல்லோரும் எழுந்து, “அடியடா, அடி!” என்று அலறினார்கள். அவள் காலடியில் ரெக்ஸின் கலன் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். திறந்திருந்த கடை வாசலையும் அதற்குள் மின்னிய திரையையும் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள்.