லாரிக் கயிறு

"பெத்தவ உள்ளதானே இருக்கா? ஒரே புள்ள காஷ்மீருக்கு வண்டியில போறான். வாசலுக்கு வந்து வழியனுப்புனா காலு தேஞ்சா போயிரும்?"

எதிர்வீட்டு வெள்ளைச்சாமி சத்தமாகவே கேட்டார். உள்ளே இருப்பவள் காதில் விழ வேண்டும் என்றுதான் கேட்டார்.

அன்னவாசலில் அந்தத் தெருவே திரண்டிருந்தது. ரகுநாத்தின் புது பைக்குக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. உள்ளூர் யூட்யூப் சேனல்காரர் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். ரகு திரும்பி நின்று ஜாக்கெட்டின் முதுகைக் காட்டினான்.

'பெண்மையைப் போற்றுவோம். அன்னவாசல் முதல் காஷ்மீர் வரை.'

"என்னோட மொத லாங் ரைடு இது. எங்க அம்மாவுக்குத்தான் சமர்ப்பிக்கிறேன்" என்றான் செல்போனைப் பார்த்து.

"அம்மாவையும் வரச் சொல்லுங்க தம்பி. சேந்தாப்புல ஒரு ஷாட் எடுத்துருவோம்."

"அம்மா அழுதுருவாங்கண்ணே. வேணாம், விட்டுருங்க."

பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். இத்தனை பேர் முன்னால் அம்மாவை விட்டுக்கொடுக்கவில்லை.

அம்மா புவனேஸ்வரி. லாரி ஓட்டிய கணவர் இறந்த பிறகு தையல் மிஷினை மிதித்தே இவனை இன்ஜினியர் ஆக்கியவள். ஜாக்கெட்டில் அந்த எழுத்தைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். ஒரு வாரமாக மூட்டை கட்டியதும் அவள்தான். டென்ட், ரெயின்கோட், பஞ்சர் கிட் என்று ரகு வாங்கி வாங்கிப் போட, எல்லாவற்றையும் மடித்து அடுக்கினாள். புளிக்காய்ச்சலை எண்ணெய் கசியாமல் சுற்றி வைத்தாள்.

"அங்க போயி யாரும்மா சோறாக்கிக்கிட்டு இருக்கப்போறா?"

"ரொட்டியில தடவித் தின்னுடா. நாக்கு செத்துப்போற அன்னைக்கு நெனச்சுக்குவ."

கடைசியாக, கணவரின் லாரிக் கயிற்றையும் பரணிலிருந்து எடுத்து வந்தாள்.

"இதுல முடிச்சுப் போட்டா டெல்லி வரைக்கும் அசையாதுன்னு ஒங்கப்பா சொல்லுவாரு. நான் கட்டித் தாரேன்டா."

"அய்ய, கயிறா? மத்த ரைடர்ஸ் பாத்தா சிரிப்பாங்க. கொக்கி வச்ச எலாஸ்டிக் வாங்கியிருக்கேன்ல."

இத்தனையும் செய்தவள், கிளம்பும் நேரத்தில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டால் ஊர் பேசாமல் என்ன செய்யும்?

"வீம்பு" என்றாள் ரகுவின் அத்தை முனியாயி. ஆரத்தித் தட்டோடு நின்றவள் அவள்தான். "வண்டி வேணாம், ரயில்ல போன்னு ஆரம்பத்துல சொன்னா. இவன் கேக்கல. அதை மனசுல வச்சுக்கிட்டுப் பழி வாங்குறா."

"நல்ல காரியத்துக்குப் போற புள்ளைய இப்படியா அனுப்புவாங்க?" என்றார் வெள்ளைச்சாமி.

அத்தை ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். பிறகு மஞ்சள் பூசிய முகமும் தண்ணீர்க் குடமுமாக எதிரே நடந்து வந்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கூட்டம் கைதட்டியது.

வண்டி நாலு வீடு தாண்டியிருக்காது. பின்னால் இருந்த பெரிய பை சரிந்து சக்கரத்துப் பக்கம் தொங்கிற்று. கொக்கி ஒன்று தெறித்துத் தெருவில் விழுந்தது.

ரகு இறங்கி இழுத்துக் கட்டினான். மறுபடி சரிந்தது. வெள்ளைச்சாமியும் ஒரு கை பார்த்தார். ஆகவில்லை. வண்டியை வீட்டு வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஹைவேயில போகையில இது சக்கரத்துல சிக்குச்சுன்னா ஆளே காலி" என்றார் சேனல்காரர்.

அது உள்ளே கேட்டிருக்க வேண்டும். கதவு திறந்தது.

புவனேஸ்வரி கயிற்றோடு வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பையைத் தூக்கி நிமிர்த்தி, கயிற்றைச் சுற்றி, முட்டியைக் கொடுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். ஆட்டிப் பார்த்தாள். பை அசையவில்லை.

"இப்பவாச்சும் மனசு எளகுச்சே" என்றார் வெள்ளைச்சாமி. சேனல்காரர் செல்போனை அவள் பக்கம் திருப்பினார்.

"பாத்துப் போயிட்டு வாடா."

மகன் கன்னத்தைத் தொடப் போனவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

ரகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அத்தே, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க."

முனியாயி பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள். "என்னப்பா, அம்மாவப் பாத்ததும் நெஞ்சு அடைக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பா போனதுக்கப்புறம் அது எதுக்க வந்தா சகுனம் ஆகாதுல்ல? நான் தெருவத் தாண்டுற வரைக்கும் வெளிய வராதேன்னு நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்காம வந்து நிக்கிது. உக்காந்து தண்ணி குடிச்சிட்டு மொதல்லேருந்து கெளம்புறேன். நீங்களே எதுக்க வாங்க."

வாசல் வரைக்கும் கேட்டது. வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். புவனேஸ்வரி யாரும் சொல்லாமலே சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

புது எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அத்தை மறுபடி குடத்தோடு எதிரே வந்தாள். ரகு வண்டியைக் கிளப்பினான்.

அம்மா போட்ட முடிச்சை மட்டும் அவன் அவிழ்க்கவில்லை.