அறிக்கை எப்போது வரும்?

"போலீஸ் ஸ்டேஷன்ல அந்தப் பையன அடிச்ச விஷயம் வெளியில வருமா தம்பி?"

ஏட்டு ஒருவர்மேல் மனித உரிமை ஆணையத்துக்குப் போன புகாரின் நகலை மேஜைமேல் வைத்தபடி வரிச்சிக்குடி பங்கஜவல்லி கேட்டதும், காரைக்கால் வக்கீல் நவநீதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வராம இருக்குமாம்மா? டெல்லியில இருக்குற மனித உரிமை ஆணையம் வருஷா வருஷம் அறிக்கை எழுதி மத்திய அரசுக்குக் கொடுக்கும். என்ன நடவடிக்கை எடுத்தோம்னு அரசும் ஒரு குறிப்பு எழுதி, ரெண்டையும் பார்லிமென்ட்ல வைக்கணும். அப்புறம் ஊரே படிக்கலாம். அடிச்ச ஏட்டு பேருகூட வரலாம்."

பங்கஜவல்லியின் முகம் வாடியது. நவநீதனுக்கு ஏனென்று புரியவில்லை. இருந்தாலும் உண்மையை மறைக்க மனம் வரவில்லை.

"ஒரே ஒரு சங்கடம். பார்லிமென்ட்ல வைக்கிற வரைக்கும் அறிக்கைய வெளியிட மாட்டாங்க. அதுக்கு வருஷக்கணக்காகூட ஆகும்மா."

"வருஷக்கணக்காவா! மாரியம்மா, காப்பாத்திட்டே தாயே!"

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாமதத்துக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு கட்சிக்காரரை நவநீதன் பார்த்ததே இல்லை.

"அடி வாங்குனது உங்க மகன்தானேம்மா?" என்றார் குழம்பிப்போய்.

"இல்ல தம்பி, அந்த ஏட்டுதான் என் மகன். தை மாசம் அவனுக்குக் கல்யாணம். யாரு மேலயும் கை ஓங்கத் தெரியாத புள்ளைன்னு பொண்ணு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."